பியானோவை விட்டு எழுந்தவர்

இரண்டு ரெக்கார்டுகள். இரண்டின் லேபிளிலும் ஒரே பெயர்: பென்னி மோட்டன், கான்சஸ் சிட்டி. அமெரிக்காவின் அந்த ஊரில் ஒரு ஜாஸ் குழு நடத்திய பியானோக்காரர். முதலாவது 1923 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் பதிவானது. இரண்டாவது 1932 டிசம்பர் 13 அன்று நியூ ஜெர்சியின் கேம்டனில். பெயரையும் வருடத்தையும் சொல்லாமல், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு என் தம்பியைக் கேட்கச் சொன்னேன். அவனுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடெல்லாம் கிடையாது. காதில் எதை மாட்டிவிட்டாலும் கேட்பான், அவ்வளவுதான். "முதல்ல வந்தது தாத்தா, ரெண்டாவது பேரன்" என்றான். ஒரே குழுதான்டா, நடுவில் ஒன்பது வருஷம் என்றேன். நம்பவில்லை.

நானும்தான் முதலில் நம்பவில்லை. ஜாஸ் பியானோக்காரரும் குழுத் தலைவருமான கவுன்ட் பேசியைப் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது கேட்க அதைவிடத் தோதான இசை எனக்குக் கிடைத்ததில்லை. பேசியைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் முதல் பக்கத்தில் மோட்டன் வருவார், இரண்டாம் பக்கத்தில் செத்துப்போவார். அதற்கப்புறம் அவர் பேச்சே இருக்காது. வீட்டுக்கு வெள்ளையடித்தவரைப் பற்றி ஒரு அத்தியாயம், அஸ்திவாரம் போட்டவருக்கு ஒரு வரி என்கிற மாதிரி. சரி, அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று தேடப்போனேன்.

கான்சஸ் சிட்டி என்ற பெயரில் மாநில எல்லைக்கு இரு பக்கமும் ஊர் உண்டு. நம் கதை நடப்பது மிசௌரி பக்கத்தில். மோட்டன் அங்கேதான் 1894 நவம்பரில் பிறந்தார். அம்மா பியானோ வாசிப்பவர். பையன் முதலில் சிறுவர்கள் பிராஸ் பேண்டு ஒன்றில் பாரிடோன் ஹார்ன் ஊதினான். பிறகு பியானோ. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், ஜாஸுக்கு முந்தைய பியானோ இசையான ராக்டைமின் மேதை ஸ்காட் ஜாப்ளினிடம் பாடம் கேட்டவர்கள். 1918 வாக்கில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து அதற்கு பி.பி. அண்ட் டி. என்று பெயர். அது மெதுவாக ஆறு பேர் குழுவானது.

அந்தக் காலத்தில் இந்த இசையை யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கவில்லை. ஆட வந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் ஜோடிகள் தரையில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த வாரம் வேறு குழுவைக் கூப்பிட்டுவிடுவார்கள். மோட்டன் கடைசிவரை நடத்தியது ஒரு நடன பேண்டுதான். அவர் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் அந்த மரத்தரையில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது.

ஊரும் அதற்கேற்ற ஊர். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. ஆனால் கான்சஸ் சிட்டி டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் புள்ளியின் பிடியில் இருந்தது. போலீஸ், நகராட்சி, காண்டிராக்ட் எல்லாம் அவர் ஆட்கள் சொல்கிறபடி நடந்தன. எனவே சட்டத்தில் மதுவிலக்கு, தெருவில் விடிய விடியத் திறந்த கிளப். ஒவ்வொரு கிளப்புக்கும் வாசிக்க ஆள் வேண்டும். நாட்டின் மற்ற ஊர்களில் பொருளாதார மந்தத்தால் இசைக்காரர்கள் வேலை இல்லாமல் அலைந்த நாட்களிலும் இங்கே ஏதோ ஒரு மேடை காலியாக இருந்தது. பெண்டர்காஸ்ட் கடைசியில் 1939-இல் வருமான வரி ஏய்ப்பில் மாட்டி உள்ளே போனார். அவர் உள்ளே போனதும் ராத்திரி வாழ்க்கையும் அடங்கிவிட்டது. ஒரு ஊழல் ஆட்சி இவ்வளவு நல்ல இசைக்கு உரமாக இருந்தது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தத் தாராளம் நிறப் பிரிவினையைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேரிலேண்ட் பார்க் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் மோட்டன் குழு வாசித்தது. மேடையில் கறுப்பர்கள் வாசிக்கலாம். கீழே ஆட வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. கறுப்பு மக்கள் ஆடிய முக்கியமான இடம் பேசியோ ஹால். இசைக்கலைஞர் சங்கம்கூடத் தனித்தனி. கறுப்பினக் கலைஞர்களின் சங்கத்துக்கு லோக்கல் 627 என்று எண். ஹைலேண்ட் அவென்யூவில் அவர்கள் வைத்திருந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. வார இறுதிகளில் நள்ளிரவு தாண்டி அங்கே இப்போதும் யார் யாரோ வந்து சேர்ந்து வாசிக்கிறார்கள். கான்சஸ் சிட்டிக்கு என்றாவது போனால் நான் பார்க்க நினைக்கும் ஒரே இடம் அதுதான்.

இனி அந்த 1923 ரெக்கார்டு. ஓக்கே என்ற ரெக்கார்டு கம்பெனிக்காக வாசித்தது. 'எலிஃபன்ட்ஸ் வாபிள்', 'க்ராடேட் ப்ளூஸ்' என்று பாட்டுகளின் பெயர்களே யானையும் நண்டு ஜாதியுமாக இருக்கும். மைக் கிடையாது, ஒரு பெரிய புனலின் முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்று வாசிக்க, அந்த அதிர்வே மெழுகில் கோடாக விழுந்த காலம். ஆகவே சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்துதான் வரும். அதை விட்டுவிடுவோம். தாளத்தைக் கவனியுங்கள். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஒவ்வொரு தட்டையும் டக் டக்கென்று ஆணியடித்து நிறுத்தும். நான்கில் முதல் தட்டும் மூன்றாம் தட்டும் மட்டும் கனமாக விழுவதால் பாட்டு ஒரு காலை ஊன்றி ஊன்றி நடப்பதுபோல் இருக்கும். அதில் உடி வால்டர் என்று ஒரு கிளாரினெட்காரர். அவருக்கு ஒரு வித்தை தெரியும்: வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு அதன் வாய்ப்பகுதியை மட்டும் ஊதுவார். நாகஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன்னால் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். அன்றைக்கு ஆட வந்தவர்கள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நான் முதல் தடவை சிரித்தேன். மூன்றாவது தடவை தள்ளி ஓட்டினேன்.

ஆனால் ரெக்கார்டுகள் விற்றன. 1926-இன் கடைசியில் விக்டர் கம்பெனி குழுவை எடுத்துக்கொண்டது. கறுப்புக் கலைஞர்கள் நடத்திய ஒரு உள்ளூர்க் குழுவுக்கு அது பெரிய விஷயம். ஏற்கெனவே ஓக்கேக்காக 1924-இல் வாசித்த 'சவுத்' என்ற பாட்டை 1928-இல் விக்டருக்காக மறுபடி வாசித்தார்கள். மோட்டனும் டிராம்போன்காரர் தாமன் ஹேய்ஸும் சேர்ந்து போட்ட மெட்டு. எளிமையான, ஒரு தடவை கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டு. மோட்டன் இறந்து பல வருடம் கழித்தும், 1940-களில், ஓட்டல்களின் ஜூக் பாக்ஸில் காசு போட்டு அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர் வாழ்க்கையில் பெரிய ஹிட் அதுதான். அதோடு நின்றிருந்தால் அந்த ஒரே பாட்டுக்காகப் பெயர் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

இந்த மாதிரிக் குழுக்களுக்கு அங்கே 'டெரிட்டரி பேண்டு' என்று பெயர். ஒரு ஊரை மையமாக வைத்து, வண்டியில் போய்வரக்கூடிய தூரம்வரை ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எல்லை. டல்லஸில் ஒன்று, சான் அன்டோனியோவில் ஒன்று, ஒமாஹாவில் ஒன்று. ராத்திரி ஓர் ஊரில் வாசிப்பு. முடிந்ததும் வாத்தியங்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். திருவிழாச் சீசனில் வேனின் பின்சீட்டில் கீபோர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிற நம்மூர் ஆர்கெஸ்ட்ரா பையன்களுக்கு இந்தப் பிழைப்பை விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழுக்கள் ஒரு ரெக்கார்டுகூடப் போடாமல் கலைந்துபோயின.

அவற்றில் ஓக்லஹோமா சிட்டியை மையமாகக் கொண்ட ஒரு குழுவுக்கு ப்ளூ டெவில்ஸ் என்று பெயர். தலைவர் வால்டர் பேஜ், பாஸ் வாசிப்பவர். இந்தக் குழுதான் மோட்டனின் தூக்கத்தைக் கெடுத்தது.

1927-இல் நியூ ஜெர்சிக்காரப் பையன் ஒருவன் ஒரு நாடகக் குழுவோடு பியானோ வாசித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தான். டல்ஸா என்ற ஊரின் ஓட்டல் அறையில் படுத்திருந்தவனைத் தெருவிலிருந்து வந்த இசை எழுப்பியது. யாரோ டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ரெக்கார்டைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். எட்டிப் பார்த்தால், ஒரு லாரியின் பின்பக்கம் ஏறி நின்று ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தது, அன்றைய நடனத்துக்கு விளம்பரம். அந்தக் குழு ப்ளூ டெவில்ஸ். எட்டிப் பார்த்த பையன் வில்லியம் பேசி. 'கவுன்ட்' எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தான் வந்த நாடகக் குழு கான்சஸ் சிட்டியில் கலைந்து நடுத்தெருவில் நின்றபோது, ஊமைப்படம் ஓடும் தியேட்டர் ஒன்றில் வாசித்துக் கொஞ்ச காலம் ஓட்டினார். 1928-இல் ப்ளூ டெவில்ஸில் சேர்ந்தார்.

மோட்டனின் குழுவுக்குப் பெயர் இருந்தது, பணம் இருந்தது, விக்டர் கம்பெனி ஒப்பந்தம் இருந்தது. ப்ளூ டெவில்ஸிடம் வாசிப்பு இருந்தது. வால்டர் பேஜ் மோட்டனோடு மேடையில் மோதத் துடித்தார். மோட்டன் மோதவில்லை. ஆட்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கினார்.

1929-இல் எடி டர்ஹாம் வந்தார். டிராம்போனும் கிதாரும் வாசிப்பார், எல்லாவற்றையும்விட முக்கியமாக, குழுவில் யார் எதை வாசிப்பது என்று ஸ்வரம் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர். அப்புறம் பேசி. அடுத்து, உடம்பைப் போலவே குரலும் பெருத்த பாடகர் ஜிம்மி ரஷிங். டிரம்பெட்காரர் ஹாட் லிப்ஸ் பேஜ். பெயர் ஒன்றானாலும் வால்டர் பேஜின் உடன்பிறப்பு இல்லை. கடைசியில் வால்டர் பேஜே தன் குழுவை விட்டுவிட்டு மோட்டனிடம் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார். போட்டிக் கடையின் சமையல்காரர், பரிமாறுபவர் என்று ஒவ்வொருவராக இழுத்து, முடிவில் முதலாளியையே வேலைக்கு வைத்துக்கொண்ட மாதிரி. இது நல்ல மனிதரின் வேலையா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கெட்டிக்காரரின் வேலை என்பதில் சந்தேகமே இல்லை.

பேசி வந்த கதையில்தான் மோட்டன் எனக்குப் பிடித்துப்போகிறார். பேசிக்கு அந்தக் குழுவில் சேர ஆசை. ஆனால் அது பியானோக்காரர் நடத்தும் குழு. பியானோக்காரருக்கு அங்கே என்ன வேலை? டர்ஹாமைப் பிடித்தார். பேசிக்கு எழுத வராது. விரலில் வருவதை டர்ஹாம் தாளில் இறக்குவார். இப்படி, பாட்டு அமைத்துக் கொடுப்பவர் என்ற பெயரில் பேசி உள்ளே வந்தார். கொஞ்ச நாளில் மேடையிலும் வாசிக்க ஆரம்பித்தார். மோட்டன் கேட்டார். தன்னைவிட இவன் நன்றாக வாசிக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. புரிவது பெரிதில்லை, எல்லோருக்கும் புரியும். இவர் எழுந்து இடம் கொடுத்தார். பெரும்பாலான பாட்டுகளுக்குப் பேசி பியானோவில், மோட்டன் மேடையில் நின்று குழுவைப் பார்த்துக்கொள்கிறார். சில சமயம் இருவருமாக வாசித்ததும் உண்டு. குழுவின் பெயர் மட்டும் மாறவில்லை.

நம் ஊரில் ஒரு வித்வான் தன் பெயரில் நடக்கும் கச்சேரியில் தன் வாத்தியத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். முடியவில்லை.

ஆனால் அதே காது கொஞ்சம் ஈவிரக்கம் இல்லாத காதும்கூட. 1931-இல் கிழக்குப் பக்கம் போய்வந்த மோட்டன், பென்னி கார்ட்டர், ஹொரேஸ் ஹெண்டர்சன் ஆகியோரிடமிருந்து புதுப் பாட்டு அமைப்புகளைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கினார். அதை வாசிக்கப் பழைய ஆட்கள் போதவில்லை. ஆரம்பத்திலிருந்து கூட இருந்த உள்ளூர்க்காரர்கள் வெளியே போனார்கள். 'சவுத்' பாட்டில் பாதிப் பங்குள்ள தாமன் ஹேய்ஸ் உட்பட. ஹேய்ஸ் சும்மா இருக்கவில்லை. வெளியேறியவர்களைச் சேர்த்துக் கான்சஸ் சிட்டி ராக்கெட்ஸ் என்று எதிர்க்குழு ஆரம்பித்தார். ஊர்க்காரர்களின் அனுதாபம் அவர் பக்கம் போயிருந்தால் ஆச்சரியமில்லை.

இப்போது இரண்டாவது ரெக்கார்டுக்கு வரலாம். 1932 டிசம்பர். அமெரிக்காவில் ரெக்கார்டு விற்பனை படுத்தேவிட்டது. குழுவினர் கிழக்கே பயணம் போன இடத்தில் கடன்காரர்கள் பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். கையில் காசில்லை. விக்டர் கம்பெனியின் ஸ்டுடியோவுக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் பணம் வரும். சாக்ஸபோன்காரர் எடி பேர்ஃபீல்ட் பிற்காலத்தில் சொன்னது இது: யாரோ ஒரு தெரிந்தவர் ஓட்டை பஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முயலும் சில ரொட்டிகளும் எங்கிருந்தோ கிடைத்தன. முயலைக் குழம்பு வைத்து, பில்லியர்ட்ஸ் மேசையைச் சாப்பாட்டு மேசையாக்கி, சுற்றி நின்று எல்லோரும் சாப்பிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு முயல். ஆளுக்கு எத்தனை துண்டு வந்திருக்கும்? குழம்பில் ரொட்டியைத் தொட்டுக்கொண்டதோடு சரி. அப்படியே கேம்டனுக்குப் போய் ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள்.

கேளுங்கள். 'டோபி'யின் வேகத்தை முதலில் கேளுங்கள். பசித்தவர்கள் வாசிப்பதாகத் தோன்றாது. பாஞ்சோ போய்க் கிதார் வந்துவிட்டது. டியூபா போய்விட்டது, அந்த இடத்தில் வால்டர் பேஜ் நெஞ்சுயரம் தாண்டிய ஸ்டிரிங் பாஸை விரலால் மீட்டுகிறார். டியூபாக்காரருக்கு மூச்சு வேண்டும், இரண்டு தட்டுக்கு ஒன்று ஊதினால்தான் தாக்குப்பிடிக்க முடியும். விரலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பேஜ் நான்கு தட்டிலும் ஒரே சீராக நடக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் ஊன்றி ஊன்றி நடந்த தாளம் இங்கே சக்கரம் கட்டிக்கொண்டு உருள்கிறது. பின்னாளில் ஸ்விங் என்று உலகமே ஆடியதன் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

'ப்ளூ ரூம்' என்ற பாட்டை நான் மறுபடி மறுபடி கேட்கிறேன். அன்று எல்லோருக்கும் தெரிந்த நியூயார்க் நாடகப் பாட்டு. முதல் சுற்றில் மெட்டு அடையாளம் தெரிகிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மெட்டைக் கழற்றுகிறார்கள். கடைசியில் டிரம்பெட்களும் சாக்ஸபோன்களும் ஆளுக்கொரு குட்டி வாக்கியத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே ஒருவர் மேல் ஒருவர் எறிகிறார்கள். இதற்கு ரிஃப் என்று பெயர். தாளில் எழுதாமல் மேடையிலேயே ஒருவர் ஆரம்பிக்க மற்றவர் பிடித்துக்கொள்வது கான்சஸ் சிட்டி வழக்கம். விடிய விடிய ஒரே பாட்டை இழுக்க வேண்டிய கிளப்களில் பழகிய பழக்கம் அது. ஆடுகிறவர்களுக்கு மெட்டு மறந்தே போயிருக்கும், கால் மறந்திருக்காது.

'மோட்டன் ஸ்விங்' அன்றைய பதிவுகளில் மிகவும் பெயர்பெற்றது. அப்போது ஓடிக்கொண்டிருந்த 'யூ ஆர் டிரைவிங் மீ கிரேஸி'யின் ஸ்வர அடுக்கின் மேல் கட்டியது. வேலையில் பெரும்பங்கு டர்ஹாமும் பேசியும் செய்தது. லேபிளில் வந்த பெயர்களோ பென்னி மோட்டனும் அவர் உறவுக்காரர் பஸ்டர் மோட்டனும். அந்தக் காலத்துக் குழுத் தலைவர்கள் பலரும் செய்ததுதான். அதற்காகச் சரியாகிவிடாது.

ரெக்கார்டுகள் விற்கவில்லை. யாரிடம் காசிருந்தது வாங்க? அதற்குப் பிறகு மோட்டன் ஸ்டுடியோவுக்குள் நுழையவே இல்லை. 1933-இல் குழுவினர் ஓட்டுப்போட்டு அவரையே வெளியேற்றி, பேசியைத் தலைவராக்கினார்கள். பேசிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தனக்கு இருக்கையைக் கொடுத்தவரின் குழுவை இப்போது மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. மோட்டன் மறுபடி ஆட்களைத் திரட்டினார். கொஞ்ச காலத்தில் பேசியும் திரும்பி அவரிடமே வந்தார்.

1935 ஏப்ரல். டென்வரில் ஒரு நடன அரங்கில் வாசிக்கக் குழு கிளம்பியது. மோட்டன் பின்தங்கினார், டான்சிலை எடுத்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வதாகத் திட்டம். எனக்கு ஏழு வயதில் அதே ஆபரேஷன் நடந்தது. அம்மா வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மோட்டன் ஏப்ரல் 2 அன்று அறுவை மேசையிலிருந்து பிழைத்து வரவில்லை. வயது நாற்பது. டென்வரில் வாத்தியங்களோடு இருந்தவர்களுக்குச் செய்தி போனது.

குழு கொஞ்ச நாள் தள்ளாடிக் கலைந்தது. பேசி ரெனோ கிளப் என்ற சின்ன இடத்தில் ஒன்பது பேரைச் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார். வால்டர் பேஜ் வந்தார், ரஷிங் வந்தார், சாக்ஸபோன்காரர் ஜாக் வாஷிங்டன் வந்தார். அங்கிருந்து ஒலிபரப்பான வாசிப்பை 1936-இல் சிகாகோவில் ரெக்கார்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் தன் கார் ரேடியோவில் கேட்டதும், பேசி நியூயார்க் போனதும் ஊரறிந்த கதை.

தம்பி 'மோட்டன் ஸ்விங்'கை இரண்டாவது தடவையும் போடச் சொன்னான். நல்ல அடையாளம். பாட்டின் பிரபலமான ரிஃப் கடைசிச் சுற்றில்தான் வரும், அதுவரை காத்திருந்தான். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "பியானோ பிரமாதம். இவர்தானே அந்த மோட்டன்?" என்றான்.

இல்லை, அது பேசி என்றேன்.

"அப்ப மோட்டன் எதுல?"

இதில் அவர் எதையும் வாசிக்கவில்லை என்றேன்.